மூன்றாவது ரீடு

திரிபுரசுந்தரியின் உதடு மறுபடியும் வீங்கியிருந்தது. கிளாரினெட்டில் பொருத்தி ஊதுகிற நாணல் ரீடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். வாத்தியத்தை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். பதினெட்டு வருஷமாக ஊதுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டாள்.

கொச்சங்காடியில் ஒத்திகை நடத்தும் கல்யாண வாத்தியக் குழு ஒன்றில் அவள் ஊதுகிறாள். தலைவர் ரமேஷ்பாபுவும் கிளாரினெட்காரர்தான். இனிமேல் செயற்கை ரீடு போடப்போவதாக அவள் சொன்னதும் சிரித்தார்.

“பிளாஸ்டிக்கை வாயில வெச்சுண்டு ஊதினா வாத்து கத்தறாப்ல இருக்கும், சுந்தரி. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல சரியா வரலேன்னா உன் எடத்துக்கு வேற ஆளை நோக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம், அண்ணா.”

பிராட்வே கடையில் மூன்று வகை வாங்கினாள். முதலாவது, அச்சில் வார்த்த வெறும் பிளாஸ்டிக். ரமேஷ்பாபு சொன்ன வாத்து அதற்குள்தான் இருந்தது. இரண்டாவது அசல் நாணல் மாதிரியே பாடியது. பாடாமல் என்ன செய்யும்? பிசினில் நாணல் தூளைக் கலந்து செய்தது அது. அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை உதடு வீங்கிய பிறகுதான் படித்தாள். தலையில் குட்டிக்கொண்டாள்.

மூன்றாவதில் நாணல் பேருக்குக்கூட இல்லை. ஒளி ஊடுருவும் பாலிமர். நாணலில் நார் ஓடுவது போலவே நீளவாக்கில் இழுத்துச் செய்தது. ஆனால் நடுப்பகுதி தடிமன். விறைப்பு அவள் எப்போதும் வாங்கும் இரண்டரை எண்தான், ஆனாலும் இதில் கல்லாக நின்றது. நாணலைப் போலச் சீவிச் சரிசெய்யவும் வழியில்லை. நாலு நாள் கன்னம் வலிக்க ஊதினாள். ஐந்தாம் நாள் ரீடை ஒரு மயிரிழை கீழே இறக்கிக் கட்டினாள். குரல் திறந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் ஏசி குளிர் நடுக்கியது. மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் ரமேஷ்பாபுவின் நாணல் காய்ந்து, நுனி நெளிந்துவிட்டது. ஊதியதும் கீச்சென்றது. நாக்கால் நனைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. சுந்தரியின் ரீடுக்கு நனையவும் வேண்டாம், காயவும் தெரியாது. அவள் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் தனியாக ஊதி முடித்தாள்.

“அதுபோல இன்னொண்ணு உண்டா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் ரமேஷ்பாபு.

சுந்தரி பெட்டியிலிருந்து இரண்டாவது ரீடை எடுத்தாள். “உண்டு. சோப்பு போட்டுக் கழுவினது, எச்சில் இல்லை. நாணல் தூள் எனக்குத்தான் ஆகாது, உங்களுக்கு ஆகும்.”

அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“என் எடத்துக்கு ஆள் கிடைச்சாச்சா, அண்ணா?”

“அது உன் எடமாக்கும்,” என்றார் அவர். “கொடு.”

கொடுத்தாள்.