கட்டைவிரலில் துணி

மெக்சிகோவில் எங்கள் கிக்கப்பூ பழங்குடி ஊரான நாசிமியெந்தோவில் காதல் பேச வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு கையையும் குவித்து, கட்டைவிரல்களுக்கு நடுவே ஊத வேண்டும். பேசும் பேச்சேதான், ஏற்ற இறக்கத்தோடு சீழ்க்கையாகப் போகும். பொழுது சாய்ந்தால் ஊரில் நாலாபக்கமும் இதே சத்தம். எல்லோர் காதிலும் விழும். ஆனால் அடுத்தவர் சீழ்க்கையைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அது மரியாதை இல்லை.

அன்று கோரை அறுக்கும்போது என் வலது கட்டைவிரலில் அரிவாள் பட்டுவிட்டது. துணி சுற்றியிருந்தேன். விடிந்தால் நான் விரும்பும் செவெரோ வடக்கே பீட்ரூட் வயல் வேலைக்கு லாரி ஏறுகிறான். ஜோடி சேர்ந்தவர்கள் ஒன்றாக ஏறுவார்கள். மற்றவர்கள், போனவர்கள் திரும்பும் குளிர்காலம் வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.

ஆற்றங்கரையில் நின்று ஊதினேன். "வா."

அவன் வீட்டுப் பக்கமிருந்து பதில் வந்தது. "மாட்டேன்."

மறுபடி ஊதினேன். மறுபடியும் "மாட்டேன்." ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன்.

காலையில் லாரிக்குப் போனேன். வழியனுப்ப இல்லை, திட்ட. செவெரோ தன் அம்மா ஃபிலோமினா பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கூப்பிட்டா ஐயாவுக்கு வர முடியாதோ?"

"நீ எங்க கூப்பிட்ட? இருட்டுற வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எவளோ ஒருத்திதான் தகரத்தைச் சுரண்டுற மாதிரி ஊதிக்கிட்டே இருந்தா. அவளுக்கு மாட்டேன் மாட்டேன்னு சொல்லியே மூச்சு வாங்கிடுச்சு."

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவன் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் துணியையே பார்த்தான்.

"இவ விரல்ல என்னத்தையோ சுத்திக்கிட்டு ஊதுறான்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் ஃபிலோமினா. "கடைசில அதட்டுற மாதிரி முடிக்கிறவ இவ ஒருத்திதான்."

"அதைச் சொல்லக் கூடாதாம்மா?"

"ஏன், என்னையா கூப்பிட்டா?"

மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

"மாத்துத்துணி எதுவும் எடுத்துட்டு வரலையே அத்தை."

"அதான் விரல்ல இருக்கே. ஏறு."