எமில்ராஜின் கிழிந்த இரைப்பை

ஜெசிதா நோயாளர் பராமரிப்பு வகுப்பில் சேர்ந்த பிறகு, மீன்பிடித் துறையான குருநகரில் அவள் வீட்டில் யாருக்கும் சாதாரண வருத்தம் வருவது நின்றுபோயிற்று. தொண்டை கரகரத்தால் அது ஃபரிஞ்சைட்டிஸ். முழங்கால் நொந்தால் ஆர்த்ரைட்டிஸ். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்பதை முதல் கிழமையிலேயே படித்துவிட்டாள். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் கணவன் எமில்ராஜ், ஓயாமல் கதைக்கிற ஆட்களுக்கு வாயில் என்ன ஐட்டிஸ் வரும் என்று கேட்பான். கேள்வி தன்னைக் குறித்தது என்று தெரிந்தும் அவள் புத்தகத்தைப் புரட்டித் தேடுவாள். ஸ்ரோமற்றைட்டிஸ் என்று கண்டுபிடித்துச் சொன்னபோது அவனுக்கு ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

சண்டைக்காலத்து இடப்பெயர்வோடு அவளுடைய பள்ளிப்படிப்பு நின்றிருந்தது. இப்போது மகள் வவுனியாவில் படிக்கப் போய்விட்டாள். வீடு வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கும் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். அங்கே படிப்பித்தவர் ஞானாம்பிகை மிஸ். புத்தூர்க்காரி, ஓய்வுபெற்ற தாதி. நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம், அதை நடுவிலே வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓர் உறுப்பு இருக்கும் என்பது அவருடைய பாடம். கார்டியோ என்றால் இருதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், கஸ்ட்ரோ என்றால் இரைப்பை. நாளாந்தம் மீன் வெட்டுகிற ஜெசிதாவுக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரு காலை எமில்ராஜும் அவனோடு தொழிலுக்குப் போகிற லெனாட்டும் வள்ளத்திலிருந்து எஞ்சினைத் தூக்கிக் கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாசியில் எமில்ராஜின் கால் வழுக்கியது. வயிறு வள்ளத்தின் விளிம்பில் அடிபட, பின்னே நின்ற காலில் யாரோ கல்லால் எறிந்ததுபோல் ஒரு சுரீர். யார் எறிந்தது என்று திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. எழும்பினால் கால் ஊன்ற முடியவில்லை. லெனாட் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஜெசிதாவும் வந்து சேர்ந்தாள்.

அவளை மறைப்புத் துணிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே டொக்டர் ஸ்கான் படத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற இளம் டொக்டருக்கு ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். ஜெசிதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். 'கஸ்ட்ரொக்னீமியஸ் டெயர்' என்பது தெளிவாகக் கேட்டது. டெயர் என்றால் கிழிவு. அதற்கு வகுப்புத் தேவையில்லை. மற்றச் சொல்லை மிஸ் சொல்லித் தந்தபடி நடுவிலே வெட்டினாள். கஸ்ட்ரோ. இரைப்பை. மிச்சம் வால் போலக் கிடந்த 'க்னீமியஸ்' என்ன என்று அவள் கவலைப்படவில்லை. தலையைப் பார்த்தாலே என்ன மீன் என்று தெரிந்துவிடும்.

டொக்டர் வெளியே வந்து, உங்கடை மனுசனுக்கு என்னவென்றால் என்று தொடங்கினார்.

"கேட்டனான், டொக்டர்," என்றாள் ஜெசிதா. "கஸ்ட்ரொக்னீமியஸ் டெயர். நான் இந்தப் படிப்புத்தான் படிக்கிறன்."

டொக்டரின் முகம் மலர்ந்தது. பின்னால் நோயாளர்கள் வரிசையில் நின்றார்கள். அப்படியென்றால் தான் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, ஓய்வு வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, சில கிழமைக்குக் கடல் வேண்டாம் என்றார். நோவுக் குளிசையோடு இன்னொரு குளிசையும் எழுதி, அது வயிற்றைப் பாதுகாக்க என்றும் சொன்னார். ஜெசிதாவுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் அதோடு போய்விட்டது. காலில் சுற்றியிருந்த பண்டேஜைச் சுளுக்குக்குப் போட்டது என்று நினைத்துக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டாள்.

கிழிந்த விசயத்தைக் கணவனிடம் சொல்லக்கூடாது என்று ஓட்டோவிலேயே முடிவெடுத்தாள். நோயாளியைக் கலவரப்படுத்தக்கூடாது என்பதும் வகுப்பில் படித்ததுதான்.

அன்று மத்தியானம் எமில்ராஜின் முன்னால் ஒரு கோப்பைக் கஞ்சி வந்தது. வடித்து, உப்புக்கூடப் போடாத கஞ்சி. ஆஸ்பத்திரியால் வந்த அன்றைக்கு இப்படித்தான் என்று நினைத்துக் குடித்தான். இரவும் கஞ்சி. அடுத்த நாள் சவ்வரிசி. அதற்கடுத்த நாள் மறுபடி கஞ்சி. வயிற்றில் ஒரு நோவும் இல்லை, காலில்தான் நோகுது என்று அவன் முறையிட்டபோது, உள்ளுறுப்புகளின் நோ உடனே வெளியே தெரியாது என்று ஜெசிதா பூடகமாகச் சொன்னாள். காலைப் பற்றி அவன் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

லெனாட் நல்ல விளைமீன் இரண்டு கொண்டுவந்தான். ஜெசிதா அவனை வாசலிலேயே மறித்து, குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னாள். லெனாட் மீனோடு உள்ளே வந்து, கட்டிலின் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எமில்ராஜின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மீனோடேயே போய்விட்டான். அதே நாள் பின்னேரம் எமில்ராஜின் தமக்கை அற்புதராணி வந்தாள். பக்கத்து ஒழுங்கையில் இருந்துகொண்டு, கிழமைக்கு ஒருமுறை வந்து தம்பியைத் திட்டிவிட்டுப் போகிறவள். இந்த முறை திட்டவில்லை. அவன் தலையைத் தடவினாள். எமில்ராஜுக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அவள் போனதும் அவன் ஜெசிதாவைக் கூப்பிட்டான்.

"ஜெசி, உண்மையைச் சொல்லு. எனக்கு என்ன?"

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "உங்கடை இரைப்பை கிழிஞ்சு போச்சு. நான் என்ரை காதாலை கேட்டனான்."

எமில்ராஜ் தன் வயிற்றைப் பார்த்தான். விரலால் மெல்ல அமத்திப் பார்த்தான். வலையோடு பிழைக்கிறவன், கிழிசலைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தெரியும்.

"அப்ப நான் குடிக்கிற கஞ்சி எங்கை போகுது?"

ஜெசிதா வாயைத் திறந்தாள். சமிபாட்டுத் தொகுதியின் படம் அவள் கண்முன் வந்தது: வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். அந்தப் படத்தில் எந்த இடத்திலும் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்தால் கஞ்சி எந்தத் தொகுதிக்குப் போகும் என்று மிஸ் படிப்பிக்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கியபின் அவள் ஞானாம்பிகை மிஸ்ஸிடம் போனாள். இரைப்பை கிழிந்த ஒருவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு எத்தனை நாளைக்கு இருக்கலாம் என்று கேட்டாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். அப்படிப்பட்டவர் வீட்டில் இருக்கமாட்டார், சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருப்பார் என்றார். ஜெசிதாவின் முகம் வெளிறியதைக் கண்டு, டொக்டர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லச் சொன்னார். ஜெசிதா சொன்னாள்.

மிஸ் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எழும்பி நில்லும்," என்றார். "இப்ப குதியைத் தூக்கி, முன்விரலிலை நில்லும். எங்கை இறுகுது?"

"கெண்டைக்காலிலை, மிஸ்."

"அதுதான் உம்மடை மனுசன்ரை கிழிஞ்ச இரைப்பை."

அதன்பிறகு மிஸ்ஸால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய கிரேக்கருக்கு அந்தத் தசை வயிறுபோலப் பொம்மிக்கொண்டு தெரிந்ததாம்; அதனால் காலின் வயிறு என்று பெயர் வைத்தார்களாம். நாங்கள் அதைக் கெண்டை மீன் என்கிறோம், அவர்கள் வயிறு என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். வயிற்றுக்குத் தந்த குளிசை, நோவுக் குளிசை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத்தானாம். சொல்லை வெட்டினால் இரண்டு துண்டையும் பார்க்க வேணும், மற்றத் துண்டிலைதான் கால் இருந்தது என்றும் சொன்னார். ஜெசிதா இன்னும் குதியைத் தூக்கியபடியே நின்றாள். இறங்க மறந்துவிட்டாள்.

முதலில் வந்தது ஆறுதல்தான். படியில் இறங்கும்போது கால்கள் லேசாக இருந்தன. பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது வெட்கம் வந்தது. லெனாட்டுக்குத் தெரியும், அற்புதராணிக்குத் தெரியும், ஆகவே குருநகர் முழுவதற்கும் தெரியும். அவள் பஸ்ஸில் ஏறாமல் திருநெல்வேலிச் சந்தைக்குள் நுழைந்து, ஒரு பெரிய பாரை மீனை வாங்கினாள். குருநகர்ப் பெண் ஒருத்தி திருநெல்வேலியில் மீன் வாங்குவதை யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்பதையும் அன்று பொறுத்துக்கொண்டாள்.

வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற மணத்துக்கு எமில்ராஜ் கட்டிலிலிருந்து நொண்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்துவிட்டான். அவனைப் பாராமல், சட்டியைப் பார்த்தபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்ப இவ்வளவு நாளும் என்ரை காலுக்கே கஞ்சி ஊத்தினனி?"

ஓம் என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, நோகிற காலைத் தூக்கியபடி சிரித்தான். சிரித்து முடிந்ததும், இனித் தனக்குக் கால் நோகுது என்றால் கால் நோகுது என்றுதான் அர்த்தம், அதை ஒரு பாசையிலும் மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவளும் சம்மதித்தாள்.

கோப்பையில் சோற்றைப் போட்டு, குழம்பை அள்ளப்போகும் நேரம் அற்புதராணி வாசலில் நின்றாள். ஜெசிதா பயந்து பயந்து உண்மையைச் சொன்னாள்: இரைப்பையில் ஒன்றுமில்லை, மச்சாள், கால் தசைதான் கிழிந்தது. அற்புதராணி கோபிக்கவில்லை. நெற்றியில் சிலுவை அடையாளமிட்டாள்.

"இரைப்பையிலை இருந்த கிழிவை அந்தோனியார் காலுக்கு இறக்கிப்போட்டார்," என்றாள்.

பிறகுதான் நேர்த்தி வைத்த கதை வெளியே வந்தது. தம்பியின் வயிற்றைக் காப்பாற்றினால் அந்தோனியார் திருநாள் வரைக்கும் அவன் மீன் தொடமாட்டான் என்று அவள் கோயிலில் முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஜெசிதா கிரேக்கரிலிருந்து தொடங்கி விளக்கிப் பார்த்தாள். கிழியாத இரைப்பைக்கு வைத்த நேர்த்தி செல்லாது என்றும் வாதாடினாள். அற்புதராணி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு, டொக்டருக்குத் தெரிவதற்கு முந்தியே அந்தோனியாருக்குத் தெரிந்திருக்கும் என்றாள். எமில்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தனக்காக அக்கா முழங்காலில் நின்றாள் என்பது அவனை எங்கோ தொட்டிருக்க வேண்டும். குழம்புச் சட்டியை அவளே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று சொன்னான். அவளும் மறுக்காமல் தூக்கிக்கொண்டு போனாள்.

அவன் வெறும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான். ஜெசிதா தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஜெசி," என்றான் மெதுவாக, "முட்டை நேர்த்தியிலை சேருமோ?"

மச்சாள் மீனை மட்டும்தான் சொன்னவ என்று சொல்லிவிட்டு அவள் எழும்பிப் போய், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.