இரண்டாம் நம்பர் பட்டன்

...அதுவும் உலகத்திலேயே இந்தக் கார் மொத்தம் இருநூறுதான் செய்தார்களாம், இது நூற்று முப்பத்தேழாவதாம், டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அதை என் வீட்டுக்காரர் குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போலத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ உக்காந்து பாரு, நீ வேணாம்னா வேணாம்" என்று என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு மெக்கானிக்கோடு பானெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்... பெரிய நியாயஸ்தர்! முடிவை என் தலையில் கட்டிவிட்டால் நாளைக்கு "நீதானே சொன்ன" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு எங்கே வளைக்க வேண்டும் என்று தெரியாதா என்ன. எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவருடைய ஓய்வுப் பணம் ஒரே ஒரு தடவைதான் வரும், அதில் என் தையல் கடை அறையை வாங்குவதாகத்தான் பேச்சு, பதினெட்டு வருஷமாக வாடகைக்கு இருக்கும் அறை, சொந்தக்காரர் விற்கப் போகிறார், இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார், நாங்கள் இல்லையென்றால் பக்கத்துச் செல்போன் கடைக்காரன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். கார் வந்தால் அறை போகும், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் இந்த இருக்கை இருக்கிறதே... கதவைச் சாத்தியதும் தெருவே தண்ணீருக்கு அடியில் போய்விட்டது, கார் ஷெட்டின் பச்சை பிளாஸ்டிக் கூரை வழியாக இறங்கும் வெயில் கண்ணாடியில் பாசி மாதிரி அசைகிறது, உட்கார்ந்திருக்கிறேனா மிதக்கிறேனா?

காரின் சொந்தக்காரர், எங்கள் தெருப் பல் டாக்டர், போன வருஷம் போய்ச் சேர்ந்தார். மனுஷர் நல்லவர்தான், கார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு, சக்கரத்தின் இடுக்குகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார், என் மாடி ஜன்னலிலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, தையல் மிஷினை வெளிச்சத்துக்காக அங்கே போட்டிருக்கிறேன், கண் தானாகப் போகிறது. அக்காவை, அவர் மனைவியைத்தான், பின் சீட்டில்தான் உட்காரவைப்பார், கைப்பையின் கொக்கி முன்பக்கத்தைக் கீறிவிடுமாம்! தெருவே சிரித்தது, அக்கா மட்டும் ஜன்னல் வழியாக யாருக்கோ கை காட்டுவது போல உட்கார்ந்து போவார். இன்று காலையிலும் அதையேதான் சொன்னார், "நான் அந்த ஸ்டியரிங்கத் தொட்டதுகூட இல்லம்மா, அவர் ஒருத்தர் கைதான் பட்டிருக்கு." விற்கிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான், இருந்தாலும் அக்கா சொன்னால் நம்பலாம் என்று தோன்றியது... வெளியே மெக்கானிக்கின் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. "அண்ணே, லைட் ஒண்ணு ஒடஞ்சா கப்பல்லதான் வரணும், பாத்துக்குங்க." "முப்பது வருஷத்துல என் பஸ்ஸுல ஒரு கீறல் விழுந்ததில்லப்பா." "பஸ்ஸுல எப்படிண்ணே தெரியும், அது முழுக்கக் கீறல்தானே!" இவர் சிரிக்கிறார், இப்படி வாய்விட்டு இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று? சரி, சரி, சிரிப்பதற்காகவெல்லாம் கார் வாங்க முடியாது.

என் கை சும்மா இருக்குமா, கதவில் இரண்டு பட்டன்கள், ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறது. ஒன்றை அமுக்கினேன், இருக்கை ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னால் போயிற்று, தாழ்ந்தது, ஸ்டியரிங்கும் கண்ணாடியும்கூட ஏதோ நினைவு வந்தது போல அசைந்தன, என் கால் எதையும் எட்டவில்லை... ஆறடி, நீளக் கால், டாக்டரேதான், பட்டனுக்கு ஓர் ஆளின் அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும் போல, அவர் அளவை அவர் போன பிறகும் இது மறக்கவில்லை. இரண்டை அமுக்கினேன். இருக்கை முன்னால் வருகிறது, வருகிறது, நிற்கவே இல்லை, உயர்ந்து உயர்ந்து என்னை முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. யாரம்மா இது? ஒருத்தர் கைதான் பட்டது என்றால் இந்த இரண்டாவது ஆள் யார்? எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது, பொய் சொல்வானேன், சந்தோஷத்தில்தான். ஆளின் அளவைச் சொல்ல எனக்கு டேப் தேவையில்லை, ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு, குட்டைக் கை, நிமிர்ந்து உட்காருகிற ஆள். வாரம் ஒரு தடவை வந்து ஸ்டார்ட் செய்கிற மெக்கானிக்கா? அவன் தொப்பைக்கு இந்த இடம் போதவே போதாது. டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்த பெண்? அவள் ஒட்டடைக்குச்சி, தலை கூரையில் இடிக்கும். அப்புறம்... எனக்கே தெரிந்த கை இது, ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் கையை இரண்டு விரல் மடித்துச் சுருக்குவேனே...

கண்ணாடியில் தட்டும் சத்தம். அக்கா, கையில் தண்ணீர் டம்ளர். கதவைத் திறந்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, இருக்கை நிற்கும் இடத்தைப் பார்த்தார், பிறகு பானெட் பக்கம் ஒரு பார்வை, பிறகு குனிந்து, "அமுக்கிட்டியா" என்றார். நான் தலையை ஆட்டினேன். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டா ரெண்டு மணி நேரம் தூங்குவாரு. மருந்து மாதிரி தூக்கம்." "எங்கக்கா போவீங்க?" "எங்கயும் இல்ல. பைபாஸ்ல ஏறி, அந்தத் தண்ணி டேங்க் வரைக்கும். எறங்ககூட மாட்டேன். திரும்பி வந்து ஒண்ண அமுக்கிடுவேன், எல்லாம் அவர் எடத்துக்குப் போயிடும்." எத்தனை வருஷம் என்று கேட்டேன். "ஒம்பது" என்றார், பள்ளிக்கூடத்தில் மார்க் சொல்கிற பிள்ளை மாதிரி. ஒன்பது வருஷம்! ஞாயிறு மதியம் நான் எங்கே இருந்தேன்? தூங்கிக்கொண்டிருந்தேன், வேறெங்கே, தெருவில் ஈ பறந்தாலும் எனக்குத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு நானும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தச் செய்தி போதும், ஆறு மாசத்துக்குத் தெருவை ஆட்டிவைக்கலாம், பால் வாங்கும் இடத்தில் தொடங்கினால் பத்து மணிக்குள்... ஆனால் அக்கா டம்ளரை என் கையில் வைத்துவிட்டு, கதவின் ஓரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டார், யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

பானெட் மூடுகிற சத்தம், இவர் என் பக்கம் வந்தார். "அக்கா என்ன சொல்லிட்டுப் போறாங்க?" "தண்ணி குடிக்கச் சொன்னாங்க." "இன்ஜின் தங்கம்ங்கறான் இவன்" என்றார் இவர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, முகத்தை ரொம்ப அலட்சியமாக வைத்துக்கொண்டு, பாவம், இந்த மனுஷருக்கு நடிக்கவே வராது. "சரி, சொல்லு. வேணாம்தானே?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும், அறை என்னுடையது, செல்போன் கடைக்காரன் வாயை மூடிக்கொள்வான். "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "நான்தான் காலையிலேயே ஓட்டிட்டேனே." "நீங்க இல்ல. நான்." மெக்கானிக் கெக்கெக்கே என்று சிரித்தான், "அண்ணி, உங்களுக்கு சைக்கிளே ஓட்ட வராதே!" இவர் சிரிக்கவில்லை. முதல் நாள் பெண் பார்க்க வந்தபோது பார்த்தது போல ஒரு பார்வை. "கத்துக்கறியா?" என்றார். முப்பது வருஷமாக ஒரு டிரைவர் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறேன், இதை அவர் கேட்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை... ஸ்டியரிங்கில் என் இரண்டு கையும் எப்போது ஏறின? கார் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும், ஒரு மாசம்? என்னை மாதிரி ஆளுக்கு இரண்டு மாசம்? அறைக்காரர் சாயங்காலம் வரைக்கும்தானே காத்திருப்பார். அப்படியானால் நான் இப்போது அந்த அறைக்காரருக்கு என்ன பதில் சொல்லிவிட்டேன்?