ஒற்றை வட்டம்

கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து அவள் தட்டை வெளியே எடுத்தாள். பதினோரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் யார் யார் ரத்தத்திலோ முளைத்த கிருமிகளைப் பார்த்துப் பெயர் எழுதியவள்தான். இன்றைய தட்டு அப்பாவுடையது. மேல்மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், நான்கு நாளாகக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார்.

தட்டில் கிருமி படர்ந்திருக்க, அதன் மேல் மருந்து ஊறிய ஆறு காகிதப் பொட்டுகள். எந்த மருந்து கிருமியைக் கொல்லுமோ, அந்தப் பொட்டைச் சுற்றி எதுவும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். ஐந்து பொட்டுகளைச் சுற்றி வட்டம் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆறாவதைப் பார்க்க மனம் வராமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அங்கேயும் கிருமி பொட்டை ஒட்டிக்கொண்டு கொழுத்து வளர்ந்திருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

"ஆறும் வேலை செய்யல டாக்டர்."

"ஆறாவதைத்தானேம்மா நேத்துலேருந்து போட்டுட்டு இருக்கோம்." என்றார் டாக்டர். "வேற ஊர்லேருந்து ஒரு மருந்து வரச் சொல்லிருக்கேன். சாயங்காலம் வந்துரும்."

மணி பத்து. சாயங்காலம் வரை அப்பா இருப்பாரா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மாடி வராந்தாவில் அண்ணன் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "என்ன லேப்பு, எந்த மருந்து கேக்குமாம்?" அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான்.

இதே கேள்வியை, இதே வார்த்தைகளில், மூன்று மாதத்துக்கு முன்பும் அவன் கேட்டிருந்தான். அப்போது வீட்டுக் கொல்லையில் அவன் நடத்தும் பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. எச்சத்தை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். கூடாது என்று தெரிந்தும், ரிஜிஸ்டரில் ஏற்றாமல் பார்த்துக் கொடுத்தாள். சால்மோனெல்லா, குடலைத் தாக்கும் கிருமி. ஐந்து மருந்துக்கு மசியவில்லை. ஆறாவதைச் சுற்றி மட்டும் அழகாக ஒரு வட்டம். பெயரைப் போனில் சொன்னாள். மனிதர்களுக்கென்று கடைசியாக எடுத்து வைத்திருக்கும் மருந்து அது, கோழிக்குக் கொடுக்காதே என்றும் சொல்லத்தான் நினைத்தாள். எதிரே இருபது சாம்பிள் காத்திருந்தது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். அந்தச் சாயங்காலம் வரவே இல்லை.

அண்ணன் கெட்டிக்காரன். யாரையோ பிடித்து அதையே டின் டின்னாக வாங்கிவந்தான். கோழிச்சாவு நின்றது. மருந்து நிற்கவில்லை. வந்தபின் அல்லாடுவதைவிட வருமுன்னே கொடுப்பது மேல் என்று தண்ணீர் டிரம்முக்குத் தினம் ஒரு கரண்டி. கரண்டி தொலைந்துபோகாமல் டிரம்மின் பிடியில் கயிறு போட்டுக் கட்டியது அப்பா. முடிச்சுப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வயிறு சரியில்லாத நாளில் கரண்டி நுனியால் தன் டம்ளரிலும் கொஞ்சம் கலக்கிக் குடிப்பார். "கோழிக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். லீவுக்குப் போயிருந்தபோது அவளும்தான் சிரித்தாள்.

"எதுவும் கேக்கலண்ணா," என்றாள். "வெளியூர்லேருந்து ஒண்ணு வருது. சாயங்காலம்தான்."

பதினொன்றரைக்கு அப்பா போய்விட்டார்.

மூன்று மணிக்கு வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அடுப்படித் தரையில் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். நெற்றியைத் தொட்டால் சுட்டது.

"காலையிலேருந்து ஆறேழு தடவை போயிட்டேன்," என்றாள் அண்ணி. "சாவு வீட்டுல இதை யார்கிட்ட போய்ச் சொல்ல? உங்க அண்ணன்தான் மருந்து கலக்கிட்டு வரேன்னு போயிருக்கார்."

அதைக் கேட்டதும் அவள் கொல்லைக்கு ஓடினாள். கோழிக் கொட்டகை வாசலில், டிரம்மை ஒட்டி, அண்ணன் ஒரு கையில் டம்ளரும் மறுகையில் கயிறு கட்டிய கரண்டியுமாக நின்றிருந்தான்.

"அண்ணா, அதைக் குடுக்காத."

"ஒரு சிட்டிகைதான். அப்பா எத்தனை தடவை..." கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

போனில் தான் எடுத்து வைத்திருந்த இரண்டு தட்டுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "இது உன் கோழி. இது அப்பா."

கோழியின் நடையைப் பார்த்தே நோயைச் சொல்கிறவன் அவன். வெகுநேரம் பார்த்தான். "ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு." பிறகு விரலை வைத்தான். "கோழியில இங்க ஒரு வட்டம் இருக்கே. அப்பாவுக்கு அது எங்க?"

தினம் மருந்து போட்டதில் கிருமி மாறிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். பழி முழுக்க டிரம்மோடு போய்விடும். பகலெல்லாம் அந்த அரை உண்மைதான் அவள் வாயில் தயாராக இருந்தது. அவளும் அந்த வட்டத்தில் விரலை வைத்தாள்.

"கிருமி ஒண்ணுதான். இந்த வட்டம் நான் உனக்குச் சொன்ன மருந்தோடது. தினம் குடுத்ததுல கிருமி அதுக்கும் பழகிருச்சு. மனுஷங்களுக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். கோழிக்குப் போடாதன்னு நான் சொல்லிருக்கணும். சொல்லல."

டம்ளரைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீ பேரைத்தான் சொன்ன," என்றான். "கரண்டி நான் போட்டது."

கூடத்திலிருந்து அழுகை ஒருமுறை உயர்ந்து அடங்கியது.

"அந்த வெளியூர் மருந்து வந்துருக்குமா?"

"போய்ச் சேர்றதுக்குள்ள வந்துரும்."

"அப்ப இவளைக் கூட்டிட்டுப் போ. இப்பவே. அப்பாவை நான் பாத்துக்குறேன்."

அவள் அப்பாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட உள்ளே போகவில்லை. போனால் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணியைத் தாங்கிப் பின்வாசல் வழியாகக் காருக்குக் கூட்டிவந்தாள். "மாமாவைத் தூக்குற நேரத்துல நாம போறது நல்லாவா இருக்கு?" என்று அண்ணி முனகினாள். அவள் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள்.

கார் திரும்பும்போது கொட்டகை தெரிந்தது. முன்வாசலில் தூக்குவதற்கு அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் டிரம்மின் மேல் குனிந்து, கரண்டிக் கயிற்றில் அப்பா போட்ட முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். அது அவிழவில்லை. கோழி அறுக்கிற கத்தி தலைக்கு மேலே ஆணியில்தான் தொங்கியது; அவன் கை அதற்குப் போகவில்லை.