பிஸ்கற் டின்னுக்குள் ஐந்து வோல்ட்

வகுப்பில் ஒரே ஒரு கொம்பியூட்டர்தான். வெளிநாட்டில் யாரோ கழித்து அனுப்பிய பழையது. அதன் பவர் சப்ளை எரிந்துபோனதால் செய்முறைப் பரீட்சை தள்ளிப்போயிற்று. முதலாவதாக வருபவருக்கு அங்கேயே உதவியாளர் வேலை என்று திரேசா மிஸ் சொல்லியிருந்தார். வேலை அட்டை இல்லாத யாழ்ப்பாணத்துப் பெடியனைக் கண்டியில் பொலிஸ் எப்படி விசாரிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பழைய சப்ளை பிசின் ஊற்றி இறுக்கிய கறுப்புக் கட்டி. திறக்க வழியில்லை. கட்டுகஸ்தோட்டையில் என் வாடகை அறையில் வைத்து ஒரு பிஸ்கற் டின்னுக்குள் புதிதாக ஒன்று செய்தேன். கொம்பியூட்டருக்குப் போகும் கேபிளின் வயர்கள் சூட்டில் நிறம் தெரியாமல் கருகியிருந்தன. வோல்ட் அளக்கும் மீற்றரால் ஒவ்வொன்றாகச் சோதித்து, கடதாசித் துண்டில் ‘ஐந்து’, ‘ஒன்பது’ என்று எழுதி ஒட்டினேன். சந்தேகம் வந்தது. மறுபடி அளந்தேன். சரியாகவே இருந்தது.

பரீட்சையன்று வீட்டுக்கார றீற்றா அக்கா டின்னைத் திறந்து பார்த்துவிட்டுக் கதிரையில் அமர்ந்துவிட்டாள்.

“உதைக் கொண்டு எங்கை போறாய்?”

“வகுப்புக்கு. பவர் சப்ளை அக்கா.”

“டின்னுக்குள்ளை வயர், வயரிலை தமிழ். ஆமிக்காரன் பாத்திட்டு, ஓம் தம்பி, போட்டு வா எண்டு சொல்லுவானே?”

கண்டித் தலதா மாளிகையில் குண்டு வெடித்துச் சில மாதங்கள்தான். பக்கத்து அறை ஸ்ரீஸ்கந்தராசா அலாரம் மணிக்கூட்டோடு பிடிபட்டுப் பொலிஸில் கிடந்து வந்தவர்.

டின்னிலிருந்து கேபிளைக் கழற்றினேன். தமிழ்த் துண்டுகளை உரித்தேன். டின் அக்காவின் பையில் கரட்டுக்குக் கீழே போயிற்று. மீற்றரை வீட்டில் விட்டேன். அதுவும் பார்வைக்கு நல்லதாக இல்லை.

அன்று மழை. சோதனைச்சாவடி ஆமிக்காரன் நாங்கள் இருவரும் போன பஸ்ஸில் ஏறாமலே கையசைத்து அனுப்பினான். அக்கா கடைத்தெருவில் டின்னை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பினாள்.

வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் ஹாஷிம் கேட்டான்: “பிஸ்கட் கொண்டு வந்தீக்கிறியாடா? தனியாத் திங்காதே.”

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“எந்த வயர் எதெண்டு தெரியும்தானே?”

“ஓம் மிஸ்.”

எதையும் இரண்டு தரம் அளக்கிறவன் நான். அன்று ஞாபகத்தை நம்பிக் கேபிளை மறுபடி மாட்டினேன்.

சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கொம்பியூட்டருக்குள்ளிருந்து கருகல் மணம் வந்தது. ஐந்து போகவேண்டிய இடத்துக்கு ஒன்பது போயிருந்தது.

“மீற்றரால ஒருக்காப் பாத்தீக்கலாமே” என்றான் ஹாஷிம்.

“வீட்டிலை விட்டிட்டன்.”

“ஏன்டா?”

அவன் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

“தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம், விவேகானந்தன்” என்றார் மிஸ். பரீட்சையும் இல்லை, வேலையும் இல்லை, வகுப்புக்கு இனிக் கொம்பியூட்டரும் இல்லை.

திரும்பும்போது அதே சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். டின்னிலிருந்து கேபிள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் மறைக்கவில்லை. ஆமிக்காரன் மூடியைத் திறந்து பார்த்தான். என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“பவர் சப்ளை.”

வேலை செய்யுமா என்றான். செய்யும் என்றேன். அது உண்மை.

“ஹரி மல்லி, யன்ன,” சரி தம்பி, போ என்று சொல்லி, மூடியைப் போட்டு, டின்னைக் கையில் தந்தான்.