கரைவலைக்கு ஒரு மனு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக எழுத உட்கார்ந்தது இல்லை. ஒரு மனு கெட்டுப்போய்க் கதையாகிவிட்டது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருபது வருடமாக மனு எழுதுகிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று எது வந்தாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். சந்திரகலாவின் மனு மட்டும் ஒரு வியாழக்கிழமையை முழுசாகத் தின்றது. கடலை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். [மூன்று முறையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.] அப்படிப்பட்டவன் மீன்பிடிப்பதைப் பற்றி எழுதினால் வேறென்ன ஆகும்?

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'ஐயா, வலை வீசிப் பிழைக்கும் ஏழை மீனவரின் ஆதரவற்ற மனைவியாகிய நான் தங்கள் பாதம் பணிந்து…'

சந்திரகலா என் கையிலிருந்த பேனாவையே பிடுங்கிவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மரக்காணம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். ஊர்ப்பெயரை எழுதக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

"கரைவலையை யாரும் வீச மாட்டாங்க சார். படகுல போயி வளைச்சு உட்டுட்டு வருவாங்க. ரெண்டு பக்கக் கயித்தையும் கரையில நின்னு இழுக்கணும். அப்புறம், நான் ஒண்ணும் ஆதரவில்லாதவ இல்ல. எங்க வீட்டுக்காரரு தோள்பட்டை ஒடைஞ்சு படுத்திருக்காரு. அவருக்கு வலைக்காரங்க இன்னிக்கும் அரைப் பங்கு மீன் அனுப்புறாங்க. படுத்தவங்க வீட்டுக்கு அனுப்பாம அங்க யாரும் பங்கு பிரிக்க மாட்டாங்க."

புதுத் தாள் எடுத்தேன்.*

* இருபது வருடமாக என் மனுக்களில் எல்லோரும் யார் பாதத்தையாவது பணிந்திருக்கிறார்கள். இதுவரை ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.

3

சிக்கல் இதுதான். கணவர் விழுந்த பிறகு, எட்டு மாதமாக அவர் நின்ற இடத்தில் நின்று சந்திரகலா கயிறு இழுக்கிறார். அந்த ஊரில் பெண்கள் மீனைத் தரம் பிரிப்பார்கள், விற்பார்கள், கயிறு பிடித்ததில்லை. அதனால் அவர் உழைப்பையும் கணவரின் அரைப் பங்கிலேயே அடக்கிவிட்டார்கள். அவர் கைக்குத் தனியாக ஒரு பங்கு உண்டா, இல்லை 'ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்' என்பதா? ஞாயிற்றுக்கிழமை வலைக்காரர்கள் கூடிப் பேசப்போகிறார்கள். உண்டு என்றால் இரண்டு பெண்பிள்ளைகளோடு அங்கேயே இருப்பார். இல்லையென்றால், கடலைவிட்டு ஒரு நாளும் இருந்தறியாத மனிதரைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வரவேண்டியதுதான். நேரில் பேசினால் சந்திரகலா அழுதுவிடுவாராம். அதனால்தான் அவர்களுக்கு எழுத்தில் ஒரு மனு.

அண்ணன் திருமலையும் கூட வந்திருந்தார். தங்கை குடும்பத்தை அழைத்துவர வேனே பேசிவைத்துவிட்டார்.

"எதுக்கு கலா இந்த வம்பு? நம்ம நிலத்துலயே வேல ஜாஸ்தியா கெடக்குது. அந்தக் கவிச்சியில என்னாதான் இருக்குது?"

[இந்த இடத்தில் திருமலையை வில்லனாக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. மீசைகூட இருந்தது. ஆனால் தங்கைக்கு இளநீர் வாங்கிவந்து, வழுக்கையைத் தானே வழித்துக் கொடுக்கும் ஆளை எப்படி வில்லனாக்குவது?]

4

இரண்டாவது வரைவு:

'மீன்பிடித்தல் என்பது வெறும் தொழிலன்று. அது ஒரு சமூகத்தின் பண்பாட்டு…'

(சந்திரகலா பார்ப்பதற்குள் நானே கிழித்துவிட்டேன்.)

"வலை கரையேறும்போது யாரு கயித்துல கை வெச்சிருந்தாலும் பங்கு உண்டு சார். எந்த ஊரு, என்ன ஜாதின்னு கேக்க மாட்டாங்க. அதான் அங்க வழக்கம்" என்றார் அவர்.

திருமலை சிரித்தார். "மாசி மாசம் உன்னப் பாக்க வந்தப்போ நானுந்தான் சும்மா கால் மணி நேரம் புடிச்சேன். விருந்தாளியாச்சேன்னு ஒரு கூடை மீன் நீட்டுனாங்க. மறுநாள் கிரிவலம், வேணாம்னுட்டு வந்துட்டேன்."

"அது விருந்து இல்லண்ணா. உன் பங்கு."

"என்னாது?"

"கயிறு புடிச்ச இல்ல? பிரிச்சப்போ உனக்கும் ஒண்ணு உழுந்துது. நீ வேணாம்னு போனதுல அவங்களுக்கு மூஞ்சியே செத்துப் போச்சு."

ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் திருமலை சத்தம் போட்டார்.

"கால் மணி நேரம் தொட்ட எனக்கே குடுத்தவங்க, எட்டு மாசமா கை காச்சுப்போய் இழுக்கிறவளுக்கு யோசிக்கிறாங்களா? எழுதுங்க சார்! நான் சொன்னேன்னே எழுதுங்க!"

எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே சின்ன மனு:

'வலைக்காரர்களுக்கு வணக்கம். மாசி மாதம் என் அண்ணன் கால் மணி நேரம் கயிறு பிடித்தார். பங்கு கொடுத்தீர்கள். நான் எட்டு மாதமாகப் பிடிக்கிறேன். இப்படிக்கு, சந்திரகலா.'

அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'இது உண்மை' என்று எழுதித் திருமலை கையெழுத்துப் போட்டார். தங்கையைக் கூட்டிப்போக வந்தவர், தங்கை அங்கேயே இருப்பதற்குச் சாட்சியாகிவிட்டார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

5

இதைக் கதையாகவும் எழுதப்போகிறேன், முடிவுகள் கைவசம் இருக்கின்றன என்று அவர்களிடமே சொன்னேன்.

அ) மனுவைப் படித்ததும் அத்தனை பேரும் எழுந்து கைதட்ட…

"கைதட்டுறதெல்லாம் அங்க பழக்கமில்ல சார்" என்றார் சந்திரகலா.

ஆ) 'ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு' என்று சொல்லிவிட, சந்திரகலா கண்ணீரோடு அண்ணனின் வேனில்…

"வேன் வேணாம்னு இப்பதான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றார் திருமலை.

இ)

"முடிவ நீங்களே எழுதிட்டா, அவங்க எதுக்கு சார் கூடணும்?" என்று கேட்டுவிட்டு, சந்திரகலா மனுவை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. இ) காலியாகவே இருக்கிறது. பொய் சொல்லவில்லை, எனக்கு ஆசை இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் கயிறு பிடிக்காதவனுக்கு அங்கே பேச்சில்லை.

நீங்கள் மனுவைப் படித்துவிட்டீர்கள். அதனால் நாளை காலை அந்த மணலில், வலைக்காரர்களோடு வட்டமாக நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். சந்திரகலா எதிரில் நிற்கிறார். உள்ளங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டுவார். வயதில் மூத்தவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருகிறார்: "இந்தக் கைக்குப் பங்கு உண்டா?"

உங்கள் முறை. சொல்லுங்கள்.