ஏரிக்குள் முளையடித்தவர்கள்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவில், மினசோட்டாவின் வடபகுதியில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கோடை முகாமில் அவர்கள் தங்கும் மரவீடாகப் புதுக் கேபின் ஒன்று கட்ட, பிப்ரவரியில் திட்டக்குழு இடம் பார்த்தது. இடுப்பளவு பனி. மேடுபள்ளமே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து நான்கு மூலைக்கும் முளையடித்தார்கள். ஏப்ரலில் பனி உருகியதும் இரண்டு முளைகள் ஏரியில் மிதந்தன; தரையென்று நினைத்ததில் பாதி, பனி மூடி உறைந்துகிடந்த ஏரி. ஊரே சிரித்தது. நானும்தான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குழுத் தலைவி மார்லிஸ் டாலிஃப்சன் அவமானத்தில் குன்றிப்போய்...'

[அடித்துவிட்டேன். அவள் குன்றிப்போகிற ஆளே இல்லை. ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி முளைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.]

அவளுக்கு ஒரே கவலை, பிரின் என்ற சிறுமி. சக்கர நாற்காலியில் வந்த அந்தப் பெண்ணைப் போன கோடையில் முதல் நாளே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லாக் கேபினுக்கும் படிக்கட்டு; புதியதைத்தான் படியில்லாமல் சமதரையில் கட்ட நினைத்தார்கள். "அடுத்த வருஷம் கண்டிப்பா வா கண்ணு" என்று சொன்னவள் மார்லிஸ். சொன்னது சொன்னதுதான் அவளுக்கு.

3.

குழுவில் மூத்தவரான வெர்லினை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிள்ளைகள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்காரும் ஓக் மரப் பெஞ்சுகளை அறுத்து இழைத்தவர் அவர். முகாமில் மிச்சமிருக்கும் ஒரே சமதரையும் அந்தப் பெஞ்சுகள் கிடக்கும் இடம்தான். மார்லிஸ் முளைகளை அங்கே கொண்டுபோய் அடித்தாள்.

"என்னம்மா இது, வித்தியாசமா இருக்கே" என்றார் வெர்லின்.

(எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'கூடாது' என்று சொல்வதில்லை. 'வித்தியாசமா இருக்கு' என்றால் செத்தாலும் விடமாட்டேன் என்று பொருள்.)

"இருக்கட்டும் வெர்லின். தண்ணிக்குள்ள கட்டுறதுக்கு இது தேவலாம்."

"பழைய கேபின் கூரைய மட்டும் இப்ப மாத்துவோம். புதுசை அப்புறம் பாத்துக்கலாமே. என்ன அவசரம்?"

"அப்புறம் அப்புறம்னா அந்தப் பொண்ணு வளந்துடும். பெஞ்சை நகத்தலாம் வெர்லின், பொண்ணோட வயசைத்தான் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் நான் தூக்குறேன், நீங்க ஒரு பக்கம் பிடிங்க."

அவர் பெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றார்.

4.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் வெர்லின் கண் கலங்கிச் சம்மதித்தார். [சர்க்கரை தூக்கல்.] இன்னொன்றில் கூரை மட்டும் மாறியது, ஜூன் மாதம் பிரினின் அம்மா காரை நிறுத்தி... [இதை எழுத மனம் வரவில்லை.]

நான் இப்படி அல்லாடிக்கொண்டிருக்க, மார்லிஸ் யாருக்கும் காத்திராமல் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள். நல்ல கனம். ஒருத்தியால் ரொம்ப நேரம் தாங்க முடியாது.

மறுமுனையில் வெர்லின் நிற்கிறார். பக்கத்தில் நீங்களும்தான் நிற்கிறீர்கள்.